மேட்டுக்கால், பள்ளத்துக்கால்

மாரமங்கலத்துக்குச் சற்று மேலே இருந்த மிஷன் நடுநிலைப் பள்ளிக்கு ஒரு மைதானம் இருந்தது. மைதானம் என்பது அரசாங்கப் பதிவேட்டில் இருந்த பெயர். நேரில் பார்த்தவர்கள் சரிவு என்பார்கள். மேல் ஓரத்தில் பந்தை வைத்துக் கையை எடுத்தால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். கீழே காபித் தோட்டத்துக்குள் பந்தைத் தேடுவதோடு ஆட்டம் முடிந்துவிடும். அந்த மைதானத்தில்தான் தேவசிகாமணி வாத்தியார், 1984ஆம் வருஷம் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளிலிருந்து, தினமும் காலையில் இருபத்துநாலு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவைத்து, இடது கால் எது, வலது கால் எது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளும் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில்.

தேவசிகாமணிக்கு வயது இருபத்தேழு. ஊர் சேலம். ஆறாம் வகுப்புக்குக் கணக்கும், ஏழாம் வகுப்புக்குத் தமிழும், வாத்தியார்களிலேயே இளையவர் என்ற குற்றத்துக்காக எல்லா வகுப்புக்கும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருஷமாகத் தற்காலிகம். அவருடைய பணியிடத்துக்கு உதவிக் கல்வி அதிகாரி ஆறுமுகம் அங்கீகாரம் எழுதினால்தான் வேலை நிரந்தரம். ஆறுமுகம் கல்லூரிக் காலத்தில் என்.சி.சி.யில் இருந்தவர். அதற்குப் பிறகு தேசம் அவரை வேறு எதற்கும் அழைக்காததால், கையில் கிடைத்த பள்ளிக்கூடங்களை அணிவகுக்கச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறதா என்று அவரிடம் கேட்டால், பிள்ளைகள் நன்றாக நடக்கிறார்களா என்றுதான் பார்ப்பார். ஆகஸ்டு பதினைந்தாம் தேதி பள்ளிக்கு வருவதாகவும், அணிநடையைப் பார்த்துவிட்டு அங்கீகாரத்தை முடிவுசெய்வதாகவும் கடிதம் எழுதியிருந்தார்.

இதில் இன்னொருவருக்கும் அக்கறை இருந்தது. சேலத்தில் ஜேசுதாஸ் என்று ஒரு ரயில்வே பார்சல் கிளார்க். அவருடைய மகள் மரியபுஷ்பத்தைத்தான் தேவசிகாமணிக்குப் பேசியிருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம் என்பது வழக்கம். ஜேசுதாஸ், ஆர்டர் வந்தால்தான் முதல் ஓலை என்று சொல்லிவிட்டார். இருபது வருஷமாக, முத்திரை விழாத எந்தப் பொட்டலத்தையும் அவர் வண்டியில் ஏற்றியதில்லை. மாதம் ஒரு தபால் கார்டு போடுவார். 'ஆர்டர்?' என்று ஒரு சொல். கீழே கையெழுத்து.

ஆக, ஒரு மனிதனுடைய வேலையும் கல்யாணமும் இருபத்துநாலு இடது கால்களில் வந்து நின்றன. அவை எவை என்று யாருக்கும் தெரியவில்லை.

"வெள்ளையா, நீ ஏழாவது படிக்கறவன். லீடர். நீ சொல்லு சாமி. உன் லெப்ட் கால் எது?"

வெள்ளையன் பதினாலு வயசில் வாத்தியாரைவிட இரண்டு அங்குலம் உயரம். அவன் குனிந்து தன் இரண்டு கால்களையும் புதிதாக அறிமுகம் செய்யப்பட்டவை போலப் பார்த்தான்.

"நேத்து இதுன்னு சொன்னீங்க சார்."

"சரி."

"ஆனா நேத்து நான் அந்தக் கோடீல நின்னேனுங்க."

"கோடீல நின்னா என்ன, இந்தக் கோடீல நின்னா என்ன? கால் உன்கூடத்தானடா வருது."

"வருதுங்க சார்," என்று வெள்ளையன் ஒப்புக்கொண்டான். ஆனால் அவன் முகத்தில் நம்பிக்கை இல்லை.

வாத்தியாரைக் கொன்ற விஷயம், இவர்கள் மக்குகள் இல்லை என்பதுதான். மக்கென்றால் மனசு ஆறிப்போகும். இதே வெள்ளையன் தலையில் விறகுக்கட்டை வைத்துக்கொண்டு, ஆடு யோசிக்கிற பாறையில் கையை வீசிக்கொண்டு இறங்குவான். ஆறாம் வகுப்புக் காளியாயி, மிளகுக்கொடியில் எத்தனை சரம் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். மலையில் எந்த வழியில் போனால் எங்கே போய்ச் சேரும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இடது வலது மட்டும் தெரியாது. சேலத்தில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட அது தெரியும் என்று வாத்தியார் நினைத்தார். அவர் எந்தப் பால் குடிக்கிற குழந்தையையும் கேட்டுப் பார்த்ததில்லை.

முதல் வைத்தியமாக அவர் தேர்ந்தெடுத்தது, பழைய பட்டாளத்துக்காரர்களின் ஓலைக்கால் சீலைக்கால். ஒரு காலில் ஓலை, ஒரு காலில் துணி. ஓலைக்கு அந்த மலையில் பனை இல்லை. பள்ளிக்கூடத்து வாசலில் பலா மரம் இருந்தது; இலையும் தடிப்பாக இருந்தது. இடது காலில் பலா இலைக்கொத்து, வலது காலில் சாக்குத் துண்டு. இருபத்துநாலு பேருக்கும் அவரே மண்டியிட்டுக் கட்டிவிட்டார்.

"பலா, சாக்கு. பலா, சாக்கு. பலா..."

பிரமாதமாக நடந்தார்கள். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மைதானத்தின் பாதியில் ஆடுகள் வந்தன.

சமவெளிக்காரரான அவருக்கு, ஆட்டுக்குப் பலாத்தழை என்றால் என்ன என்று தெரிந்திருக்க நியாயமில்லை. பதினோரு ஆடுகள், அணிவகுப்பின் இடது பக்கமாகவே சேர்ந்து, மிக ஒழுங்காக, கூடவே நடந்தன. பிள்ளைகள் காலைத் தூக்கும்போது கடித்தன, வைக்கும்போது மென்றன. இடது கால் எது என்று அந்த மைதானத்தில் முதன்முதலாகத் தெளிவாகப் புரிந்துகொண்டவை அந்த ஆடுகள்தான். அவை தலைமையாசிரியர் சிங்கராயருடையவை. ஆகவே விரட்டவும் முடியாது. சிங்கராயர் வராந்தாவில் நின்று, தம் ஆடுகள் இன்று சீக்கிரமே வயிறு நிறைந்து திரும்புவதைத் திருப்தியோடு பார்த்தார்.

"நல்ல முறைங்க சார். நாளைக்கும் செய்யுங்க," என்றார்.

இரண்டாவது வைத்தியம், சோற்றுக்கை.

"கண்ணுங்களா, சோறு திங்கற கை எது? தூக்குங்க."

இருபத்துநாலு வலது கைகள், ஒரு கைகூடத் தப்பாமல், மேலே போயின. வாத்தியாருக்கு மறுபடி கண் கலங்கியது.

"அந்தக் கைப் பக்கத்துக் கால்தான் ரைட்டு. புரிஞ்சுதா?"

கையில் புரிந்தது. காலுக்கு இறங்கவில்லை. காளியாயி கையை உயர்த்தி ஒரு சந்தேகம் கேட்டாள். "காலுல யாருங்க சார் திம்பாங்க?"

அதற்குப் பதில் ஆசிரியப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை. அதனால் அவர், ரைட் என்றதும் சோறு அள்ளி வாயில் போடுவதுபோலக் கையைத் தூக்கவேண்டும், அதே பக்கத்துக் காலையும் கூடவே தூக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நான்கே நாளில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். லெப்ட், ஒரு கவளம். லெப்ட், ஒரு கவளம். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபத்துநாலு பேரும் ஒரே தாளத்தில் சாப்பிட்டுக்கொண்டே போனார்கள். சிலர் மென்றும் காட்டினார்கள். அது வாத்தியார் சொல்லிக்கொடுக்காதது.

கைப்பழக்கம் நன்றாகப் படிந்தபிறகு காலுக்கும் தானாக வந்துவிடும் என்று நம்பி, ஒரு நாள் கையை எடுக்கச் சொன்னார். கையை எடுத்தார்கள். காலும் போய்விட்டது.

அன்று சிங்கராயரே மைதானத்துக்கு இறங்கி வந்தார். அவர் வராந்தாவைவிட்டு இறங்குவது, அந்தோணியார் திருவிழாவுக்கும் பெரிய பரீட்சைக்கும்தான்.

"ஏனுங்க சார், நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க சார்."

"ஆபீசருக்கு முன்னால இத்தனை புள்ளைங்க வாயக் காட்டிக்கிட்டே போனா, அவரு அணிநடையைப் பாக்கமாட்டாருங்க. சத்துணவு அரிசி எங்கேன்னு கேப்பாரு."

"அரிசி இருக்குதுங்களே சார்."

"இருக்குதுங்க. இருந்தாலும் கேக்க வெக்கலாமுங்களா?"

வாத்தியார் அன்று மதியம் சாப்பிடவில்லை. சமையல்கூடத்துக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து, ஜேசுதாசின் ஜூலை மாதக் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே சொல்லை எத்தனை நேரம் படிக்க முடியுமோ அத்தனை நேரம் படித்தார். தாம் ஒரு மோசமான வாத்தியார் என்று தோன்றியது. பிறகு, அப்படி இருக்காது, பிள்ளைகள்தாம் மோசம் என்று தோன்றியது. பிறகு மரியபுஷ்பத்தை ஒரே ஒருமுறை கோயிலில் பார்த்தபோது அவள் எந்தப் பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டாள் என்று யோசித்தார். அது நினைவில்லை.

உள்ளே சத்துணவு ஆயா ராசம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் இரண்டு வாளிகள் இருந்தன.

"காளியாயி, கண்ணு, அந்தப் பள்ளத்து வாளிய எடுத்தாந்து குடு சாமி."

காளியாயி ஓடிவந்தாள். இரண்டு வாளியில் ஒன்றை, யோசனையே இல்லாமல், எடுத்துக்கொண்டு போனாள்.

வாத்தியார் நிமிர்ந்தார். "ஏம்மா ராசம்மா. எந்த வாளின்னு சொன்ன?"

"பள்ளத்து வாளிங்க சார். கீழ்ப்பக்கம் இருந்துதில்லீங்க, அது."

"இடது பக்கத்து வாளின்னு சொல்லமாட்டியா?"

ராசம்மாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது நான் இந்தப் பக்கம் நின்னா ஒண்ணு, அந்தப் பக்கம் நின்னா ஒண்ணு. அதை நம்பி எப்படிங்க வாளி எடுக்கறது? மேட்டுது, பள்ளத்துதுன்னாத்தான் புள்ளைக்கு வெளங்கும். எங்க ஊட்டுல அடுப்புகூட மேட்டடுப்பு, பள்ளத்தடுப்புதானுங்க."

வாத்தியார் எழுந்தார். காளியாயியைச் சரிவில் குறுக்காக நிறுத்தினார். மேடு அவளுக்கு இடப்பக்கம் இருந்தது.

"மேட்டுக்கால் எது கண்ணு?"

கேள்வி முடிவதற்குள் இடது கால் எழுந்தது.

"இப்பத் திரும்பி நில்லு. மேட்டுக்கால் எது?"

வலது கால் எழுந்தது.

"இப்பத்தான அந்தக் காலைத் தூக்குன? ஒரு நிமிஷத்துல அது எப்படிப் பள்ளத்துக்காலா மாறும்?"

"மேடு மாறலீங்களே சார்," என்றாள் காளியாயி பொறுமையாக. "நாந்தானுங்க திரும்புனேன்."

ஒரு வருஷமாகத் தாம் சரிவில் நின்றுகொண்டு சமதரையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தது வாத்தியாருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை மைதானத்தில் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. இந்தக் கோடியிலிருந்து போகும்போது லெப்ட் என்றால் மேட்டுக்கால். அந்தக் கோடியில் திரும்பி வரும்போது லெப்ட் என்றால் பள்ளத்துக்கால். பிள்ளைகள் இதை முதல் மணி அடிப்பதற்குள் கற்றுக்கொண்டார்கள். வாத்தியாருக்குத்தான் மூன்று நாள் ஆயிற்று. சாக்பீஸ் பெட்டியின் மூடியில் படம் வரைந்து வைத்துக்கொண்டு, அதைத் தலைகீழாகப் பிடித்தோமா நேராகப் பிடித்தோமா என்று குழம்பினார். வெள்ளையன் இரண்டுமுறை அவரைத் திருத்தினான்.

"சார், இப்ப வரும்போதுங்க. பள்ளத்துக்கால்."

"தெரியும்டா," என்றார் வாத்தியார்.

ஜூலைக் கடைசியில், சாரல் மழையில், இருபத்துநாலு கால்கள் ஒரே சத்தமாக விழுந்தன. சிங்கராயர் வராந்தாவிலிருந்து கைதட்டினார். ஆடுகள் ஏமாற்றத்தோடு நின்று பார்த்தன. தேவசிகாமணி அந்த வாரமே ஜேசுதாசுக்கு ஒரு கார்டு எழுதினார். அதிலும் ஒரே சொல்தான். 'நெருங்கிவிட்டது.'

ஆகஸ்டு ஆறாம் தேதி ஆறுமுகத்திடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்ப்பதில் காலம் விரயமாவதால், மலையிலுள்ள எல்லாப் பள்ளிகளும் பதினைந்தாம் தேதி காலை ஏற்காட்டு மைதானத்தில் கூடி, சுண்ணாம்புக் கோடு போட்ட பாதையில் மைதானத்தைச் சுற்றி ஒருமுறை அணிநடை செய்யவேண்டும் என்று எழுதியிருந்தார்.

வாத்தியாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "நல்ல மைதானம் சார்," என்றார் சிங்கராயரிடம். "பந்தை வெச்சா வெச்ச இடத்துல நிக்கும். சரிவுலயே இப்படி நடக்கற புள்ளைங்க, சமதரையில எப்படி நடக்குமுன்னு நெனச்சுப் பாருங்க."

சிங்கராயர் நினைத்துப் பார்த்தார். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த அவருக்குமே ஒன்றும் தோன்றவில்லை.

பதினைந்தாம் தேதி முதல் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். வெயில் சுத்தமாக அடித்தது. மைதானம் தோசைக்கல் போலத் தட்டையாகக் கிடந்தது. நாலு பக்கமும் வெள்ளைக் கோடு. நாலாவது பக்கத்தில் கோட்டுக்கு வலப்புறம் மேடை. மேடையில் ஆறுமுகம், தொப்பியோடு. வெள்ளை ஷூ போட்ட டவுன் பிள்ளைகள் முதலில் நடந்தார்கள். ஷூ ஒரே மாதிரி இருந்ததால் நடையும் ஒரே மாதிரி தெரிந்தது. கரடியூர்ப் பிள்ளைகள் நடந்தார்கள். கிளியூர்ப் பிள்ளைகள் நடந்தார்கள். தேவசிகாமணியின் பிள்ளைகள், கடைசிப் பள்ளியாக, ஆறாறு பேராக நாலு வரிசையில் கோட்டின் முனையில் வந்து நின்றார்கள்.

"ஸ்குவாட், அட்டென்ஷன்."

நின்றார்கள்.

"லெப்ட், ரைட்..."

யாரும் அசையவில்லை. இருபத்துநாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு இந்தப் பக்கம் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தார்கள். காளியாயி ஒரு காலை லேசாக எடுத்து, தப்பு செய்கிறோமோ என்று மறுபடி வைத்துவிட்டாள். வெள்ளையன் எல்லோருக்குமாகக் கேட்டான்.

"சார், மேடு எங்கேங்க?"

மேடையிலிருந்து ஆறுமுகம் மைக்கில் கேட்டார். "என்ன கேக்கறான்?"

ஜேசுதாசின் கார்டுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வாத்தியாரின் கண்முன் வந்தன. தப்பிக்கிற வழி தேடி நாலு பக்கமும் பார்த்தார். இடப்பக்கம், ஊரின் கூரைகளுக்குப் பின்னால், சேர்வராயன் மலை பச்சையாக எழுந்து நின்றது. மனிதனுக்கு ஆபத்தில் வருகிற யோசனை நல்ல யோசனைபோலவே இருக்கும்.

"அதா பாருங்க," என்றார் மெதுவாக. "சேர்வராயன் மலை. அதுதான் மேடு. அது எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கம் தரை மேடா இருக்குதுன்னு நெனச்சு நடங்க. வேற எதையும் பாக்காதீங்க."

"சரிங்க சார்," என்றார்கள். சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பிள்ளைகள்.

முதல் பக்கம் முழுக்க மலை இடப்பக்கம் இருந்தது. லெப்ட் என்றால் மேட்டுக்கால். இருபத்துநாலு கால்கள் ஒரே சத்தமாக விழுந்தன. வேடிக்கை பார்த்த எஸ்டேட் கணக்கு ரைட்டர் ஒருவர், இந்தப் பிள்ளைங்க எந்த ஸ்கூல் என்று பக்கத்தில் கேட்டார். சிங்கராயர் தம் பள்ளியின் பெயரைத் தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொன்னார்.

கோடு இடப்பக்கம் திரும்பியது. பிள்ளைகளும் கோட்டோடு திரும்பினார்கள். இப்போது மலை நேர் எதிரே நின்றது.

மேடு எதிரே இருந்தால் மனிதர்கள் ஏறுவார்கள். வெள்ளையன் முதலில் முதுகை வளைத்தான். இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றினான். அவனுக்குப் பின்னால் இருபத்துமூன்று பேரும் வளைந்தார்கள். தட்டையான அந்த மைதானத்தில், மூச்சு வாங்க, சின்னச் சின்ன அடியாக, ஒரு செங்குத்தான மலையில் ஏறத் தொடங்கினார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள், வழியில் பிடித்துக்கொள்ளச் செடி இருப்பதுபோலக் கையை நீட்டின.

"நிமிருங்கடா," என்று வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"ஏத்தமுங்க சார்," என்றான் வெள்ளையன், மூச்சு வாங்கிக்கொண்டே.

மூன்றாவது பக்கத்தில் மலை வலப்புறம் வந்தது. நிமிர்ந்துகொண்டார்கள். அங்கே லெப்ட் என்றால் பள்ளத்துக்கால், அது பழகியதுதான், ஒரு பிசகும் இல்லை. வாத்தியார் நெற்றியைத் துடைத்தார். ஆனால் துடைத்த கையை எடுப்பதற்குள் கோடு மறுபடி திரும்பியது. நாலாவது பக்கம். மலை முதுகுக்குப் பின்னால் போயிற்று. முன்னால், வலப்புறமாக மேடை.

பிள்ளைகள் இறங்கத் தொடங்கினார்கள். முட்டியை மடக்கி, குதிகாலை ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, சறுக்கிவிடாமல் ஒவ்வொரு அடியாகப் பிரேக் போட்டுக்கொண்டு, ஆறுமுகத்தை நோக்கி இறங்கி வந்தார்கள். கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். மலைவாழ் மக்களின் வாழ்க்கையை நடித்துக் காட்டுகிறார்கள் என்று யாரோ பக்கத்தில் விளக்கினார்கள். ஆறுமுகம் கைதட்டவில்லை. அவர் தொப்பியைச் சரிசெய்தார். அது நல்ல அறிகுறி இல்லை என்று அவருடைய கிளார்க்குக்குத் தெரியும்.

மேடைக்கு இருபதடி இருக்கும்போது மஞ்சு வெள்ளைப் பனிமூட்டமாக இறங்கியது. ஏற்காட்டு ஆகஸ்டில் அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. முதலில் மலை போயிற்று. பிறகு கூரைகள் போயின. வெள்ளைக் கோடு வெள்ளைக்குள் போயிற்று. வெள்ளையன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நின்றான். எல்லோரும் நின்றார்கள்.

"சார், மலையக் காணோமுங்க."

மைக் மட்டும் உர்ரென்றது. மேடையின் மேலே ஒரு தொப்பி மங்கலாகத் தெரிந்தது, அது காத்திருந்தது.

தேவசிகாமணி என்ன நினைத்தார் என்று பிற்பாடு அவராலேயே சொல்ல முடியவில்லை. ஆர்டரை நினைக்கவில்லை, ஜேசுதாசை நினைக்கவில்லை என்பதுமட்டும் நிச்சயம். பனியில் வாயைத் திறந்துகொண்டு நின்ற இருபத்துநாலு முகங்களைப் பார்த்தார். தாம் சொன்னதைத் தவிர வேறு ஒன்றும் அவர்கள் செய்யவில்லை. விறுவிறுவென்று நடந்து அவர்களுடைய இடப்பக்கம் போய் நின்றார். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கூம்பாகச் சேர்த்துக்கொண்டார்.

"நாந்தான் மேடு," என்றார். "என்னப் பாருங்க. மலை இங்க இருக்குது."

பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். உயரம் கொஞ்சம் குறைவு. ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள்.

"லெப்ட், ரைட், லெப்ட்..."

இருபத்துநாலு மேட்டுக்கால்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன. வரிசை நகர்ந்தது. மலையும் கூடவே ஓடியது. மஞ்சைக் கிழித்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, ஒரு வரிசை பிசகாமல், பிள்ளைகள் மேடையைக் கடந்தார்கள். பக்கத்தில் கைகளைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு, வேட்டி காலில் சிக்க, லெப்ட் ரைட் என்று கத்திக்கொண்டு தேவசிகாமணி ஓடினார். வலப்பக்கம் பார்க்கச் சொல்லும் ஐஸ் ரைட் கேட்டதும், இருபத்துநாலு பேரும் மலைக்கு எதிர்ப்பக்கம் தலையைத் திருப்பி, ஆறுமுகத்தை நேருக்கு நேர் பார்த்தார்கள். அவர் கை தானாகத் தொப்பிக்குப் போய் சல்யூட் வைத்தது.

எல்லாம் முடிந்தபின் ஆறுமுகம் கூப்பிட்டு அனுப்பினார். வாத்தியார் மூச்சு வாங்கிக்கொண்டு, சிங்கராயரோடு போய் நின்றார்.

"பசங்க கடைசியில நல்லாத்தான் நடந்தாங்க," என்றார் ஆறுமுகம். "நீங்க எதுக்கு சார் ஓடுனீங்க?"

தேவசிகாமணி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சிங்கராயர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அவரு ஓடலீங்க சார். மேடா இருந்தாருங்க."

"மேடாவா?"

"ஆமாங்க. மலை மறைஞ்சு போச்சுங்களே."

ஆறுமுகம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெள்ளையனைக் கூப்பிட்டு, "தம்பி, உன் இடது கால் எது?" என்று கேட்டார். வெள்ளையன் வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் அவனுடைய வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். சத்தமில்லாமல் அவனைச் சுற்றிவந்து இடப்பக்கம் நின்றார். வெள்ளையன் இடது காலைத் தூக்கினான். ஆறுமுகம் அதையும் பார்த்துவிட்டு, டைரியில் வெகுநேரம் எழுதினார்.

பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகள் ரொம்ப நன்றாக நடந்துவிட்ட சந்தோஷத்தில் கத்திக்கொண்டு வந்தார்கள். வாத்தியார் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அந்த வாரமே தகரப் பெட்டியைத் துடைத்து, இரண்டு சட்டையை மடித்து வைத்தார். அடுத்த வாரம் மூன்றாவது சட்டையையும் வைத்தார். மைதானத்துக்கு மட்டும் தினமும் போய்க்கொண்டிருந்தார். வேலை போகும்வரை வேலை இருக்கிறதல்லவா?

செப்டம்பர் நடுவில் தபால் வந்தது. அலுவலக ஆணையோடு அதிகாரியின் குறிப்பும் இணைத்திருந்தது. சிங்கராயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வராந்தாவில் நின்றபடி உரக்கப் படித்தார்.

"மேற்படி பள்ளி மாணவர்களின் அணிநடையானது, மேற்படி ஆசிரியர் அவர்களின் இடப்புறமாக ஓடுவதை முற்றிலும் சார்ந்துள்ளது. மேற்படி ஆசிரியர் இல்லாதபட்சத்தில் மேற்படி மாணவர்கள் இடம் வலம் அறியார். இந்நிலைக்குக் காரணமும் மேற்படி ஆசிரியரே எனத் தெரிகிறது. வேறோர் ஆசிரியரால் இதைச் சீர்செய்ய இயலும் எனத் தோன்றவில்லை. எனவே, மேற்படி பணியிடம் மிகவும் இன்றியமையாதது எனக் கருதி, மேற்படியாரின் நியமனம் நிரந்தரமாக அங்கீகரிக்கப்படுகிறது."

தேவசிகாமணி அதை வாங்கித் தாமும் இரண்டுமுறை படித்தார்.

"சார், இது பாராட்டுங்களா, குத்தமுங்களா?"

"அதெல்லாம் எதுக்குங்க," என்றார் சிங்கராயர். "முத்திரை இருக்குதில்லீங்க."

முத்திரை இருந்தது. நன்றாக மை ஊறி, வட்டம் முழுசாக விழுந்திருந்தது.

அன்று மதியமே வாத்தியார் ஜேசுதாசுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். கார்டு போதாது என்று மடித்து ஒட்டுகிற இன்லண்டு தாள் வாங்கியிருந்தார். ஆணையின் நகலை ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதிவிடுவது என்று தொடங்கி, முதல் வரியை எழுதி, அடித்தார். இரண்டாவது வரியை எழுதவே இல்லை. கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, கடைசி வாக்கியத்தில் 'மேற்படியாரின்' என்பதிலிருந்து மட்டும் எடுத்து, மணிமணியான கையெழுத்தில் எழுதி ஒட்டினார். வெள்ளையனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்து, பஸ் நிறுத்தத்துத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வரச் சொன்னார்.

"அங்க ரெண்டு பெட்டி தொங்குதுங்களே சார், எதுல போடறதுங்க?"

"மேட்டுப் பெட்டியில," என்றார் வாத்தியார்.